80 லிட்டர் குழியும் 3,000 லிட்டர் கிணறும்: சென்னையில் கிடைக்கும் மழைநீர் சேகரிப்பு வேலைகள், ஒரு மதிப்பீடு

சென்னையில் எந்த வீட்டு வரைபடத்தை எடுத்தாலும் மனையின் ஓரத்தில் நாலைந்து சின்ன வட்டங்கள் இருக்கும். பக்கத்தில் ‘ஆர்.டபிள்யூ.எச்’, அதாவது ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங், என்று எழுதியிருக்கும். 2003-இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து புதுக் கட்டடம், பழைய கட்டடம் இரண்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து அந்த வட்டங்களுக்கு ஒரு சந்தையே உருவாகிவிட்டது. கட்டுநர் ‘எல்லாம் சேர்த்து’ போட்டுத் தரும் குழி, சிமென்ட் வளையமான உறையை இறக்குகிறவர்கள் மழைநீரை நிலத்துக்குள் விடத் தோண்டும் ரீசார்ஜ் கிணறு, பிளம்பிங் கடையில் தொங்கும் பைப் ஃபில்டர் என்று மூன்று சரக்குகள் அதில் ஓடுகின்றன. மூன்றையும் ‘ரெயின் வாட்டர்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு.

முதலில் ஒரு கணக்கு. இது கையில் இருந்தால் எந்தக் கொட்டேஷனையும் நீங்களே எடைபோடலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 மி.மீ மழை பெய்தால் 93 லிட்டர். தரை உறிஞ்சுவது, ஆவியாவது, தெறிப்பது போக 80 லிட்டராவது குழாய்க்கு வரும். சென்னையின் ஆண்டு சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. அதாவது அந்த மாடியிலிருந்து வருஷத்துக்கு 1,10,000 லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்பது நடை. ஆனால் அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே ‘வருஷத்துக்கு எவ்வளவு’ என்பதைவிட ‘ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கும்’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இனி கட்டுநர் தரும் குழி. சென்னையின் பழைய கட்டட விதிகளில் இருந்து வந்த அளவு இது: 30 செ.மீ விட்டம், 3 மீட்டர் ஆழம், அடியில் 2.55 மீட்டர் உயரத்துக்குச் செங்கல் ஜல்லி அல்லது கூழாங்கல், மேலே 45 செ.மீ பெருமணல், அதன் மேல் துளையிட்ட ஸ்லாப். 30 சதுர மீட்டருக்கு ஒரு குழி. படிக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. கொள்ளளவைப் போட்டுப் பாருங்கள். வெறும் குழி 212 லிட்டர் பிடிக்கும். ஜல்லியும் மணலும் நிரப்பிவிட்டால் இடுக்குகளில் மிஞ்சுவது ஏறக்குறைய 80 லிட்டர். மணிக்கு 50 மி.மீ மழை பெய்தால் 30 சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 25 லிட்டர் சேரும். மூன்றே கால் நிமிடத்தில் குழி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் மண்ணின் கருணை.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடற்கரை மணல் பகுதிகளில் அந்தக் கருணை உண்டு. மண் வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் குழி சிறியதாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அண்ணா நகர், கொளத்தூர், விருகம்பாக்கம், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண். அங்கே 3 மீட்டர் குழி என்பது களிமண்ணுக்குள் செருகிவைத்த ஒரு டம்ளர். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். வேளச்சேரி, ஆதம்பாக்கம், கிண்டி பக்கம் பாறை. கடப்பாறை பாறையைத் தொட்ட இடத்திலேயே குழியை முடித்துவிட்டு ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார்கள்.

மணல் பகுதியிலும் இந்தக் குழிக்கு ஆயுள் குறைவு. மாடியிலும் வாசலிலும் இருந்து வரும் தூசி மேல்மணலில் படிந்து, இரண்டு மூன்று பருவத்தில் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் பிடித்துவிடும். மேலே 45 செ.மீ மணலை அள்ளி மாற்றலாம். ஆனால் அதற்கும் கீழே ஜல்லிக்குள் இறங்கிய சேற்றை ஒரு அடி அகல ஓட்டைக்குள் கைவிட்டு எடுக்க வழியே இல்லை. சுத்தம் செய்ய முடியாத ஒன்றைக் கட்டுவது, கட்டும் நாளிலேயே கெட்டுப்போவதற்கு நாள் குறிப்பது மாதிரி. தோட்டத்து மண்ணில், தரையில் விழும் மழைக்கு மட்டும் இது பரவாயில்லை. மாடிக் குழாயைக் கொண்டுபோய் இதில் சொருகினால் பத்துக்கு மூன்று மதிப்பெண்தான். மணல் பகுதியில் ஐந்து.

ஏற்கெனவே இப்படி ஒரு குழி இருக்கிறதா? 200 லிட்டர் பேரலில் தண்ணீர் நிரப்பி மொத்தமாக ஊற்றுங்கள். அளவுப்படி கட்டிய குழி முதல் 80 லிட்டரை மடமடவென்று வாங்க வேண்டும். ஒரு பக்கெட்டிலேயே மேலே தேங்கினால் ஒன்று மணல் அடைத்திருக்கிறது, அல்லது மூன்று அடி தோண்டிவிட்டு மூன்று மீட்டருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இப்படி ஒரு சரக்கு ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் விதியின் மொழி. நம் விதி குழிகளை எண்ணுகிறது, லிட்டரைக் கேட்பதில்லை. பெங்களூருவில் 2009-இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி, அதையொட்டி விதிகள் போட்டபோது வேறு மாதிரி எழுதினார்கள். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 20 லிட்டர் தேக்கவோ நிலத்துக்குள் விடவோ இடம் வேண்டும் என்று கொள்ளளவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். செய்யாதவர்களுக்கு மாதாந்திரத் தண்ணீர் பில்லிலேயே அபராதம் ஏறும். அங்கேயும் ஓட்டைகள் உண்டு, ஏமாற்றுவோரும் உண்டு. ஆனாலும் ‘எத்தனை லிட்டர்’ என்று கேட்டவுடன் ஒரு அடி அகலக் குழியை யாரும் விற்க முடியாது. சென்னையில் கட்டடம் முடிந்த சமயத்தில் பார்ப்பதோடு சரி. முடிப்புச் சான்றிதழே தேவைப்படாத சிறு குடியிருப்புகளில் அதுவும் இல்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட பிறகு மாநகராட்சி வீடு வீடாகச் சரிபார்த்தது. அடுத்த நல்ல மழையோடு அந்தச் சுறுசுறுப்பு வடிந்துவிட்டது.

அதே பழைய விதியில் ஒரு வரி மட்டும் தங்கம். கேட்டின் குறுக்கே 7.5 செ.மீ உயரத்துக்கு ஒரு குட்டிச் சுவர், அதாவது மூன்று அங்குலத் திட்டு, கட்டி மனைக்குள் விழுந்த மழையை மனைக்குள்ளேயே நிறுத்தச் சொல்கிறது. கொத்தனாருக்கு அரை நாள் வேலை, செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டி ஏறி இறங்கும்போது இடிக்கிறது என்று எல்லோரும் முதலில் உடைப்பதும் அதைத்தான். இருபுறமும் சரிவு கொடுத்துக் கட்டினால் ஸ்கூட்டர்கூட இடிக்காது. திட்டுக்கு உட்புறம் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குறுக்குத் தொட்டி கட்டி, துளையிட்ட ஸ்லாப் போட்டு, அங்கிருந்து 4 அங்குலக் குழாயை ரீசார்ஜ் கிணற்றுக்கு விட்டால் வாசல் தண்ணீரும் கைக்கு வந்துவிடும். தெரு உங்கள் வாசலைவிட உயர்ந்துபோன இடங்களில் மட்டும் கவனம் தேவை. தெருத் தண்ணீர் உள்ளே பாயும், அதில் சாக்கடை கலந்திருக்கும். அங்கே குறுக்குத் தொட்டியைக் கிணற்றோடு இணைக்கவே வேண்டாம்.

இரண்டாவது சரக்கு ரீசார்ஜ் கிணறு, அதாவது உறை கிணறு. சென்னைக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது இதுதான். 3 அடி விட்டம், 15 அடி ஆழம், ஒரு அடி உயரமுள்ள சிமென்ட் உறை பதினைந்து. உள்ளே ஏறக்குறைய 3,000 லிட்டர் நிற்கும். 1,000 சதுர அடி மாடியில் மணிக்கு 50 மி.மீ பெய்தால் வரும் நீரை, மண் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாவிட்டாலும் 45 நிமிடம் தாங்கும். உள்ளே ஜல்லி போடக் கூடாது. ‘வடிகட்டி இறங்கும் சார்’ என்று சொல்லிப் பாதிக் கிணற்றுக்கு ஜல்லி கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதிக் கொள்ளளவு அங்கேயே போய்விடும், சேறு எடுக்கவும் முடியாது. ஜல்லி இருக்க வேண்டிய இடம் உறைக்கு வெளியே. தோண்டிய பள்ளத்துக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தோண்டிய களிமண்ணாலேயே மூடிவிடாமல் 20 மி.மீ ஜல்லி போடச் சொல்லுங்கள். கீழ் உறைகளில் துளை இருக்க வேண்டும், இணைப்புகளில் சிமென்ட் பூசக் கூடாது. மேல் மூன்று உறைகளுக்கு மட்டும் பூச்சு. மேல்மட்டத்துக் கழிவுநீர் கசிந்து உள்ளே இறங்காமல் இருக்கத்தான் அது.

உள்வரும் குழாய் ஸ்லாபுக்கு ஒரு அடி கீழே நுழைந்து, எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். நேராக எதிர் உறையில் மோதவிட்டால் இணைப்பு வழியாக மண் அரித்து, இரண்டு வருஷத்தில் பக்கத்துத் தரை உள்வாங்கும். நிரம்பி வழியும் நீருக்கு ஒரு குழாய் கட்டாயம். அது மழைநீர் வடிகாலுக்குப் போகலாம், சாக்கடை மேன்ஹோலுக்குப் போகவே கூடாது. அடைத்துக்கொண்ட நாளில் அதே குழாய் வழியாகத்தான் சாக்கடை திரும்பி வரும். அஸ்திவாரத்திலிருந்து 5 அடியாவது தள்ளி, செப்டிக் டேங்க் இருந்தால் மனையின் எதிர்மூலையில் இடம் பாருங்கள். ஸ்லாபில் ஆள் இறங்குகிற அளவு மூடி வேண்டும்.

ஆழத்தைத் தீர்மானிப்பது கொட்டேஷன் அல்ல, மண். கை ஆகர் (கையால் திருகித் துளையிடும் கருவி) வைத்து 4 அங்குல அகலத்தில் நாலடி துளையிட்டு, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். மணல் என்றால் சில நிமிடத்தில் காலி. ஓரிரு அங்குலம் மட்டும் இறங்கினால் களிமண். அங்கே 15 அடிக் கிணறு மட்டும் போதாது. கிணற்றின் அடியில் 6 அல்லது 8 அங்குல போர் (ஆழ்துளை) ஒன்றைக் கீழே உள்ள மணல் அடுக்குவரை இறக்கி, துளையிட்ட பி.வி.சி குழாய் விட்டு, சுற்றிலும் சிறு ஜல்லி போட வேண்டும். குழாயின் வாய் கிணற்றுத் தரையிலிருந்து மூன்றடி மேலே நிற்கட்டும், வலை மூடியோடு. தரையோடு தரையாக வெட்டிவிட்டால் முதல் மழையின் சேறு முழுவதும் போருக்குள் போய்விடும். பாறைப் பகுதியில் சிதைந்த பாறை அடுக்குவரை இறங்கினால் ஓரளவு வேலை செய்யும். அதற்குக் கீழே கெட்டிப் பாறையை உடைக்கச் செலவழிப்பது விழலுக்கு இறைத்த நீர்.

உறை இறக்க நல்ல காலம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. அக்டோபரில் தோண்ட ஆரம்பித்தால் எட்டடியில் ஊற்று வந்துவிடும். ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள், பில் மட்டும் 15 அடிக்கு வரும். ‘கிணறு ஒன்றுக்கு இவ்வளவு’ என்று மொத்தத் தொகை பேச வேண்டாம். உறை ஒன்றுக்கு, தோண்டுவது ஒரு அடிக்கு, ஸ்லாப், குழாய் இணைப்பு, மண் அகற்றுவது என்று பிரித்துக் கேளுங்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்த பிறகு பணம்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். வறண்ட கிணறாக இருந்தாலும் மாடி நீரை அதில் விடுவதுதான் ஊரிலேயே மலிவான, பெரிய ரீசார்ஜ். அதைக் குப்பை கொட்டி மூடிவிட்டுப் பக்கத்தில் ஒரு அடிக் குழி போட்ட வீடுகளைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரே எச்சரிக்கை: மூடிக் கிடந்த கிணற்றிலோ ரீசார்ஜ் கிணற்றிலோ யாரையும் தனியாக இறக்காதீர்கள். சில மணி நேரம் திறந்துவைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் வேலை. காற்று கெட்டுப்போன கிணறு சத்தம் போடாமல் ஆளைக் கொல்லும். சேற்றைக் கயிறு கட்டிய வாளியால் அல்லது சேறு இறைக்கும் மோட்டாரால் மேலிருந்தே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மணல் பகுதியில் உறை கிணற்றுக்குப் பத்துக்கு எட்டு தரலாம். களிமண்ணில் போர் இறக்கியிருந்தால் ஏழு, இல்லாவிட்டால் நான்கு.

மூன்றாவது, பைப் ஃபில்டர். ஸ்டீல் வலை வைத்த பளபளப்பான உருளை, மேலே ‘1,500 ச.அடி வரை’ என்று ஸ்டிக்கர். எந்த வேக மழைக்கு 1,500 என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கேட்க வேண்டிய எண். 1,000 சதுர அடிக்கு மணிக்கு 50 மி.மீ மழையில் நிமிடத்துக்கு 77 லிட்டர், 100 மி.மீ மழையில் 155 லிட்டர். அதைவிடக் குறைந்த ஃபில்டரைப் போட்டால் தண்ணீர் குழாயிலேயே ஏறி மாடியில் குளம் கட்டும், தட்டோட்டு இடுக்கில் இறங்கி மேல்தளம் ஒழுகும். அப்புறம் குற்றம் ‘ரெயின் வாட்டர் போட்டதால்’ என்று மழைநீர் சேகரிப்பின் தலையில் விழும். பல வீடுகளில் உண்மைக் குற்றவாளி குழாயின் எண்ணிக்கை. 100 மி.மீ குழாய் ஒன்று மணிக்கு 75 மி.மீ மழையில் 57 சதுர மீட்டரைத்தான், அதாவது ஏறத்தாழ 600 சதுர அடியைத்தான், இறக்கும். 1,000 சதுர அடி மாடிக்கு ஒரே ஒரு 4 அங்குலக் குழாய் வைத்துவிட்டு ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை.

ரீசார்ஜ் கிணற்றுக்கு இந்த ஸ்டீல் ஃபில்டர் தேவையே இல்லை. 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழத்தில் ஒரு சேறு படியும் தொட்டி, வெளிக்குழாய் ஒன்றரை அடி உயரத்தில், அதன் வாயில் நைலான் வலை. இவ்வளவு போதும். கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கிக் காட்டுவது சம்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, போகும் நீருக்குத்தான் பொருந்தும். சம்புக்கு என்றால் பெங்களூருவின் மழைநீர் சேகரிப்பு வல்லுநர் எஸ். விஸ்வநாத் வடிவமைத்த ‘வருண்’ ஃபில்டர் இன்றும் நல்ல மாதிரி. 90 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், துளையிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்த மூடி, மூன்று அடுக்கு ஸ்பாஞ்ச், கீழே 15 செ.மீ பெருமணல். மணிக்கு 50 மி.மீ மழையில் 50 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும் என்று அளவு சொல்லித் தருகிறார்கள், ஆகவே 1,000 சதுர அடிக்கு இரண்டு டிரம். மேல் ஸ்பாஞ்சை எடுத்து வாளியில் அலசிப் போட்டால் பராமரிப்பு முடிந்தது. உள்ளூர் பிளம்பரே செய்துவிடுவார்.

ஃபில்டரோடு சேர்த்து விற்கும் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ குழாய்தான் இந்தச் சந்தையின் பெரிய வேடிக்கை. முதல் 1 மி.மீ மழை மாடியின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவி வரும், அதை ஒதுக்க வேண்டும் என்பது சரியான யோசனை. 1,000 சதுர அடிக்கு அது 93 லிட்டர். 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குப் பிடிப்பது 8 லிட்டர் சொச்சம். மூன்றடிக் குழாயை மாட்டிவிட்டு ‘முதல் தண்ணீர் இதில் நின்றுவிடும்’ என்கிறார்கள். அந்த 93 லிட்டரை நிறுத்த 11 மீட்டர் குழாய் வேண்டும். குழாயில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு, கீழே திருகு மூடி வைத்து, செப்டம்பரில் முதல் இரண்டு மழைக்கு மூடியைத் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொள்வது எவ்வளவோ மேல். தானாக நடக்க வேண்டும் என்றால் குழாய்க்குப் பதில் 100 லிட்டர் டிரம் வையுங்கள், அடியில் மெல்லச் சொட்டி வடிய ஒரு சிறு துளையோடு.

இடமும் பணமும் அளவாக இருப்பவர்கள் இணைக்க வேண்டிய வரிசை இது: மாடியிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து சம்ப், சம்பின் வழிநீர் ரீசார்ஜ் கிணற்றுக்கு, கிணற்றின் வழிநீர் வடிகாலுக்கு. 10,000 லிட்டர் சம்ப் காலியாக இருந்தால் 1,000 சதுர அடி மாடியில் பெய்யும் 125 மி.மீ மழையை வாங்கிக்கொள்ளும், மிச்சம் நிலத்துக்குப் போகும். சம்பிலிருந்து வழிநீர்க் குழாய் கிளம்பும் இடம், அது கிணற்றுக்குள் நுழையும் மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நவம்பரில் நிலத்தடி நீர் ஏறும்போது கிணற்று நீர் சம்புக்குத் திரும்பி, மெட்ரோ வாட்டரோடு கலந்துவிடும். எல்லா வழிநீர்க் குழாய் வாயிலும் கொசு வலை வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்.

மாதிரிகளை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைப்பவர்களுக்குச் சென்னையில் சேகர் ராகவனின் ஆகாஷ் கங்கா டிரஸ்ட் 2002-இல் தொடங்கிய ரெயின் சென்டர் உண்டு. பெங்களூரு போகிறவர்களுக்கு ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் சர் எம். விஸ்வேஸ்வரய்யா மழைநீர் சேகரிப்புப் பூங்கா இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பிளம்பரோடு பேசுவதற்கான சொற்கள் கையோடு வந்துவிடும்.

கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஹோஸ் பிடித்து, மாடியின் ஒவ்வொரு வடிவாயிலும் தனித்தனியாகத் தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் கிணற்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். நாலு குழாயில் ஒன்றாவது கிணற்றுக்கு வராமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது பின்பக்கம், ஏ.சி. யூனிட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் குழாய்.